தளம் போட ஒரு நாள்

கட்டடத் தொழிலில் "எப்போது முடியும்?" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது என்பார்கள். கடலூரில் உண்டு. "முடிஞ்சிரும் சார்" என்பது அந்தப் பதில். போன வாரம் கேட்டவர் இந்த வாரமும் கேட்கலாம்; பதில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. இவ்வளவு உறுதியாக நிற்கும் பொருள் எங்கள் பக்கத்துக் கட்டடங்களில் வேறெதுவும் இல்லை.

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டே நாற்பது வயதுக்குள் காதோரம் நரைத்துப்போனவர் பொறியாளர் தமிழ்வேந்தன். முதுநகரில் ஒரு பெயிண்ட் கடை மாடியில் அலுவலகம். வீடு கட்டுகிறவர்களுக்குப் படம் போட்டுக் கொடுப்பார், கட்டியும் கொடுப்பார். அப்பா அய்யனார் சோனாங்குப்பத்தில் மீன்பிடித் தொழில் செய்தவர். பகலில் கடல், மாலையில் பகுத்தறிவு மேடைப் பேச்சைக் கேட்பது என்று வாழ்ந்த மனிதர். பேச்சு கேட்ட வேகத்தில் மகனுக்குத் தமிழ்வேந்தன் என்று பெயர் வைத்தார்; மறுநாள் விடியற்காலையில் படகுக்குச் சூடம் காட்டிவிட்டுக் கடலுக்குப் போனார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று அவருக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் "அது வேற, இது வேற" என்றிருப்பார்.

மகன்தான் பேச்சை நிஜமென்று எடுத்துக்கொண்டார். பூசை கிடையாது, சகுனம் கிடையாது, வீட்டில் தினசரிக் காலண்டர்கூடக் கிடையாது. பதிவுத் திருமணம். மனைவி மோனிகா கிறிஸ்தவர், தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை அவர் மாதா கோயிலுக்குப் போவார், இவர் வாசலில் வண்டியோடு நின்று செய்தித்தாள் படிப்பார். யாரையும் ஒருமையில் அழைக்க மாட்டார். சித்தாளும் 'வாங்க', வட்டாட்சியரும் 'வாங்க'. கடவுள் இல்லை என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. மேஸ்திரி இருக்கிறாரா என்பதில்தான் அடிக்கடி வரும்.

சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் கரையோரத்தில் மூன்று குடியிருப்புகள் கட்டியது. மூன்றுக்கும் தமிழ்வேந்தன்தான் மேற்பார்வை. எல்லாம் ஒரே படம், ஒரே அளவு, ஒரே மேஸ்திரி. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு மாதத்தில் தளம் விழுந்தது. அதன் பக்கத்து வீட்டுக்கு மூன்று மாதம் ஆனது. ஏன் என்று கேட்டால் தங்கராசு மேஸ்திரி காரணம் சொல்வார். கான்கிரீட்டைக் குலுக்கி இறுக்கும் வைப்ரேட்டர் பழுது. ஜல்லி லாரி டயர் வெடித்துவிட்டது. பெரியப்பா இறந்துவிட்டார். வெளிநாட்டு நன்கொடையாளர்கள் கேட்டார்கள் என்பதால் எல்லாவற்றையும் தினம் தவறாமல் பதிவு செய்யும்படி ஆயிற்று. அப்படியே மூன்று வருடக் காரணங்கள் சேர்ந்துவிட்டன.

பிறகு சிதம்பரத்தில் பகுதிநேரமாக எம்.ஈ. சேர்ந்தார். அங்கேதான் நியூரல் நெட்வொர்க் அவரைப் பிடித்துக்கொண்டது. செயற்கை அறிவு என்று அப்போதே சொன்னார்கள். சொன்னவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்கள். விஷயம் இதுதான். இந்த ப்ரோகிராமுக்கு விதி எதையும் நாம் சொல்லித்தர வேண்டாம். நடந்ததை எல்லாம் அப்படியே கொட்டினால் போதும்: எத்தனை ஆள், எந்த மாதம், மழையா வெயிலா, எத்தனை நாளில் முடிந்தது. எதற்கும் எதற்கும் தொடர்பு என்று அதுவே கற்றுக்கொள்ளும். அடுத்த வீடு எப்போது முடியும் என்று சொல்லும். ஒரே குறை, ஏன் என்று கேட்டால் மட்டும் சொல்லாது. 'ஏன், எதற்கு' என்று கேட்டே வளர்ந்த மனிதர், காரணமே சொல்லாத ஒன்றின் மேல் ஆசைப்பட்டார். தங்கராசுவிடம் காரணம் கேட்டு அலுத்தவருக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

முந்நூற்றுச் சொச்சம் சுனாமி வீடுகளின் விவரத்தையும் ஏற்றினார். அதில் ஒரு கட்டம் அவருடைய சொந்தச் சரக்கு. உப்பனாற்றோரம் கட்டிய குடியிருப்பில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும்; ஓதம் என்பார்கள். கடைக்கால் குழியில் தண்ணீர் ஊறும். எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் ஆகும்போது ஓதம் வற்றிக் குழி காய்ந்துவிடும். இது கடற்கரைப் பிள்ளைக்குத்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு வேலை நாளுக்கும் எதிரே, அமாவாசையிலிருந்தோ பௌர்ணமியிலிருந்தோ அது எத்தனையாவது நாள் என்ற எண்ணையும் சேர்த்தார். சுத்தமான விஞ்ஞானம். தலைப்பும் 'ஓதம்' என்றே போட்டார்.

கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது. முன்பின் தெரியாத வீடுகளுக்கும் அநேகமாகச் சரியான நாளைச் சொன்னது. ஆனால் எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் வந்தால் மட்டும் தலைகீழாகப் பேசியது. குழி காய்ந்து வேலை ஓட வேண்டிய நாளில், வேலை நின்றுவிடும் என்றது. தமிழ்வேந்தன் பிழை தேடினார். மழைக் கட்டத்தை எடுத்துப் பார்த்தார், ஆள் கணக்கை எடுத்துப் பார்த்தார். அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஓதக் கட்டத்தை எடுத்தபோது மட்டும் பித்துப் பிடித்ததுபோல் உளறியது. இரண்டு மாதம் இப்படியே போனது. கடைசியில் எந்த நாளில் எவ்வளவு வேலை நடக்கும் என்று அது போட்ட வளைகோட்டை அச்செடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் பேருந்து ஏறினார்.

அவருடைய வழிகாட்டி பேராசிரியர் நடனசபாபதி. நெற்றி நிறைய விபூதி. காலையில் கோயிலுக்குப் போகாமல் வகுப்புக்கு வந்ததில்லை. ஆனால் ஆதாரமில்லாமல் ஒரு வரி எழுதினால் தாளைத் தூக்கி எறிந்துவிடுவார்.

"எங்க விழுது இது?" என்றார் பேராசிரியர், வளைகோட்டின் மேல் பேனாவை வைத்து.

"எட்டு, ஒம்போது சார்."

"அமாவாசைலேந்து எட்டு. பௌர்ணமிலேந்தும் எட்டு. இதுக்குப் பேரு தெரியலயா உங்களுக்கு?"

"ஓதம் வத்துற நாளு சார். குழியில சொட்டுத் தண்ணி இருக்காது. வேலை பறக்கணும். ஆனா பறக்க மாட்டேங்குது. அதான் எங்கியோ தப்புன்னு…"

"வீட்ல தினசரிக் காலண்டர் இருந்தா எடுத்துப் பாருங்களேன்."

"எங்க வீட்ல கெடையாது சார்."

"அதான பாத்தேன்." பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "அஷ்டமி, நவமிய்யா. அந்த ரெண்டு நாள்ல உங்க ஆளுங்க எவனும் தளம் போட மாட்டான். உம்ம கம்ப்யூட்டர் பஞ்சாங்கம் படிச்சிருக்கு."

"அதுக்குப் பஞ்சாங்கமே நான் குடுக்கல சார்!"

"குடுத்திருக்கீங்களே, ஓதம்னு பேரு வச்சி."

தமிழ்வேந்தன் எழுந்தே நின்றுவிட்டார். இது மூடநம்பிக்கை என்றார். கம்ப்யூட்டருக்கு நம்பிக்கையும் இல்லை, மூடமும் இல்லை, உங்கள் மேஸ்திரி எப்போது வருவார் என்று மட்டும் அதற்குத் தெரியும் என்றார் பேராசிரியர். விபூதிக்காரர் விஞ்ஞானம் பேசினார், விஞ்ஞானக்காரர் கோபப்பட்டார். திரும்பும் வழியில் சிப்காட் ரசாயன ஆலைகளின் வாடை பேருந்துக்குள் வந்தபோது எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். தமிழ்வேந்தன் கவனிக்கவே இல்லை. என் குறிப்புகளில் ஒரு இடத்தில்கூட அஷ்டமி என்ற சொல் இல்லையே, எல்லாம் வைப்ரேட்டரும் டயரும்தானே என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

இது வெறும் பட்டப்படிப்போடு நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அந்த வருடம் அவர் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

அவர்கள் குடியிருந்தது முதுநகர் ரயில்வே ஜங்ஷனை ஒட்டிய பள்ளத்தில், ஒரு வாடகை வீடு. ஐப்பசி பிறந்தால் தெருத் தண்ணீர் தவறாமல் கூடத்துக்கு வந்துவிடும். முந்தின வருடம் காஸ் சிலிண்டர் சமையலறையிலிருந்து மிதந்து கூடத்துக்கு வந்தது. மோனிகா அதைக் காலால் தடுத்து நிறுத்திக்கொண்டே சொன்னார்:

"இங்க பாருங்க. ஊருக்கெல்லாம் வீடு கட்டுறீங்க. அடுத்த மழைக்கு நான் சொந்த வீட்ல இருக்கணும். இல்ல, நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். நீங்க கம்ப்யூட்டரோட கட்டில் மேல ஏறி உக்காந்துக்குங்க."

"அதுக்குள்ள முடிஞ்சிரும் மோனி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

வண்டிப்பாளையத்தில் மேட்டில் ஒரு மனை வாங்கி வைகாசியில் வேலை தொடங்கினார். ஆடி முடிவதற்குள் சுவர் எழும்பிவிட்டது. தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை அடித்துக் கம்பியும் கட்டியாயிற்று. பாக்கி தளம்தான். ஆவணிக்குள் தளம் விழுந்தால், பூச்சு இல்லாவிட்டாலும் ஐப்பசிக்குக் குடிபோய்விடலாம். ஆவணி தப்பினால் புரட்டாசி. அதன் பின்னாலேயே மழை. நனைந்த சென்ட்ரிங்கின் கீழ் யாரும் குடியிருக்க முடியாது.

நியாயமாகப் பார்த்தால் அவர் கம்ப்யூட்டரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டார். வேலை நின்றுவிடும் என்று அது சொன்ன நாளையே தேர்ந்தெடுத்தார். ஆவணி பிறந்ததும் வந்த எட்டாம் நாள். அது கொள்கைப் பிரச்சினை. மூடநம்பிக்கையை எதிர்க்க வேண்டுமானால் முதலில் தான் உண்டாக்கிய ப்ரோகிராமை எதிர்க்க வேண்டும் என்ற நிலைக்கு ஒரு பகுத்தறிவாளர் வந்து சேர்ந்திருந்தார்.

"புதன்கிழமை தளம். வந்துருவீங்களா தங்கராசு?"

மேஸ்திரி ஒரு கணம் விரல்களைப் பார்த்தார். "வந்துர்றோம் சார்."

"கண்டிப்பா?"

"என்னா சார் இப்பிடி கேக்குறீங்க. நம்ம வூடு."

புதன்கிழமை காலை மணலும் ஜல்லியும் இருந்தன. சிமெண்டு மூட்டைகள் தார்ப்பாயின் கீழ் இருந்தன. தமிழ்வேந்தன் இருந்தார். ஆள்தான் யாரும் இல்லை. போன் அடித்தால் மிக்சர் மிஷினில் பெல்ட் அறுந்துவிட்டதாம். வைப்ரேட்டர் ஓடவில்லையாம். தங்கராசுவின் பெரியப்பா இறந்துவிட்டாராம்.

"போன வருசமும் செத்தாரே!" என்று தமிழ்வேந்தன் கத்தினார்.

"அது வேற பெரியப்பா சார்" என்றது போன்.

அன்றே மோனிகா வேறு வழி சொன்னார். "எங்க சவரியம்மா சித்தி கோஷ்டிய கூப்புடுங்க. நாங்க வேதக்காரங்க. உங்க அஷ்டமி, நவமி எங்களுக்குக் கெடையாது."

மோனிகாவின் சித்தி சவரியம்மாள் முதுநகரில் தளம் போடும் கோஷ்டி ஒன்றை நடத்துகிறவர். இருபது பேர், பாதிக்கு மேல் பெண்கள். போனால் ஒரே பகலில் தளத்தை முடித்துவிட்டுத்தான் இறங்குவார்கள். தமிழ்வேந்தன் நேரில் போனார். வாசலில் எல்லோரும் காவி உடுத்திப் பையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"வாங்க மாப்ள. நல்ல நேரத்துல வந்தீங்க. நாங்க வேளாங்கண்ணிக்கு நடக்கப் போறோம்."

"எப்ப வருவீங்க?"

"மாதா பொறந்தநாள் திருவிழா முடிச்சித்தான். ஒரு வேண்டுதலு."

"என்னா வேண்டுதலு?"

"வேலை ஜாஸ்தியா வரணும்னுதான்" என்றார் சவரியம்மாள்.

வேலை வாசலிலேயே வந்து நின்றது. அவர் வேண்டுதலுக்குப் போனார். தமிழ்வேந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு, திரும்பி வந்ததும் அடுத்த எட்டாம் நாளில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சவரியம்மாளின் முகம் மாறியது.

"அஷ்டமியிலயா மாப்ள?"

"நீங்க வேதக்காரங்கதான?"

"வேதக்காரங்கதான். அதுக்காக அஷ்டமியில போயி தளம் போட முடியுமா? வேதத்துல வேணாம்னும் சொல்லல, போடுன்னும் சொல்லல. ஊரோட ஒத்துப் போறதுதான்."

வீட்டுக்கு வந்து மோனிகாவிடம் பொரிந்து தள்ளினார். மோனிகா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நானும் சொல்லணும்னுதான் இருந்தேன். அந்த புதன்கிழம அஷ்டமின்னு எங்க ஸ்கூல் காலண்டர்லயே போட்டிருந்துது. சித்தியாவது நாள் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்."

தோற்றுப்போனவர் செய்யக்கூடிய காரியத்தை அவர் செய்தார். கம்ப்யூட்டரிடமே நாள் கேட்டார். ஆவணிக் கடைசியில், பிள்ளையார் சதுர்த்தி முடிந்து ஒரு திங்கட்கிழமையைச் சொன்னது. நிச்சயம் தாமதம் ஆகாது என்றது. காலண்டரைப் பார்க்காமலேயே அது முகூர்த்த நாள் என்பது இப்போது அவருக்குப் புரிந்தது. மானத்தை விட்டு மிக்சர் மிஷின் வாடகைக்கு விடுகிறவருக்குப் போன் செய்தார்.

"திங்கக்கெழமையா?" அந்தப் பக்கம் சிரிப்பு. "சார், அன்னிக்குக் கடலூர்ல பாதிப் பேரு தளம் போடுறான். நாலு மிஷினும் போன மாசமே புக்காயிருச்சி."

கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. சுனாமிக் குடியிருப்புகளில் மிஷின் தொண்டு நிறுவனத்தின் சொந்த மிஷின். போட்டிக்கு ஆள் கிடையாது. நல்ல நாளுக்கு ஊரே அடித்துக்கொள்ளும் என்பதை அது எங்கே பார்த்தது? நல்ல நாள் எது என்று கற்றுக்கொண்டதே தவிர, நல்ல நாள் எவ்வளவு கெட்ட நாள் என்று கற்றுக்கொள்ளவில்லை.

"வேற எப்ப மிஷின் இருக்கு?"

"செவ்வா வரைக்கும் எல்லாம் புக்கு. புதங்கெழம, வியாழக்கெழம எத்தினி வேணா எடுத்துக்குங்க. நாலும் சும்மாதான் நிக்கும்."

புதன் அஷ்டமி. வியாழன் நவமி. வெள்ளிக்கிழமை புரட்டாசி பிறக்கிறது.

அன்று மாலை தெற்கே மின்னியது. தமிழ்வேந்தன் வண்டியை எடுத்துக்கொண்டு தங்கராசுவைத் தேடிப் போனார். மேஸ்திரி வண்டிப்பாளையம் டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் எழுந்தார்.

"உக்காருங்க. ஒண்ணு கேக்கறன், உண்மைய சொல்லுங்க. அன்னிக்கு உங்க பெரியப்பா செத்தாரா?"

"செத்தாரு சார்."

"அன்னிக்கா?"

தங்கராசு டீயை ஒரு மடக்குக் குடித்தார். "தொண்ணூத்தியாறுல."

"பெல்ட்டு?"

"பெல்ட்டு நல்லாத்தான் இருக்கு."

"அப்ப இத்தினி வருசமா எங்கிட்ட சொன்னதெல்லாம்?"

"பொய்யின்னு இல்ல சார்." மேஸ்திரி உண்மையாகவே சங்கடப்பட்டார். "நீங்க சாமி இல்லன்றவரு. உங்ககிட்ட வந்து அஷ்டமி, நவமின்னா உங்க மனசு கஷ்டப்படும். எல்லாரையும் வாங்க போங்கன்னு பேசுற மனுசன எதுக்கு நோவடிக்கணும்னு, நாங்களே பேசி வச்சிக்கிட்டோம். ஒருத்தனும் உங்க காதுல அந்த வார்த்தைய போடக்கூடாதுன்னு."

முந்நூற்றுச் சொச்சம் வீடுகளின் பழுதான வைப்ரேட்டர்களும் வெடித்த டயர்களும் தமிழ்வேந்தனின் கண்முன் வரிசையாக வந்து நின்றன. மொத்தமும் மரியாதை. மனிதர்கள் மரியாதைக்காக மறைத்ததை, மரியாதை தெரியாத கம்ப்யூட்டர் நேரே சொல்லிவிட்டது. கோபப்படவும் முடியவில்லை. நெகிழவும் மனம் வரவில்லை.

"புதங்கெழமைய விட்டா எனக்கு வேற நாள் இல்ல தங்கராசு. மழ வந்தா எங்க வீட்ல என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியும்."

"எனக்கும் நாள் இல்ல சார். வெள்ளிக்கெழம புரட்டாசி. தளம் போட்டா பிரியாணி போடணும். புரட்டாசியில எவன் சார் கறி தின்பான்? சாம்பார் சாதத்துக்கு ஒரு பய வர மாட்டான்."

புரட்டாசியில் வேலை மந்தமாகும் என்றும் கம்ப்யூட்டர் சொல்லியிருந்தது. அது மழைக்காக என்று அவர் தன் ஆய்வேட்டில் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார்.

"அப்ப என்னதான் பண்றது?" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மேஸ்திரியிடம் அவர் இப்படிக் கேட்டார்.

"வழி இருக்கு சார். நீங்க ஒத்துக்கணும்." தங்கராசு பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்தார். "திங்கக்கெழம நல்ல நாளு. அன்னிக்குக் காலையில கையாலயே கலந்து ஒரு சட்டி கலவைய ஈசானி மூலையில போட்டுருவோம். வேலை ஆரம்பிச்சாச்சு. புதங்கெழம நடக்குறது புது வேலை இல்ல, ஆரம்பிச்ச வேலை. ஆரம்பிச்ச வேலைய அஷ்டமியில நிறுத்துனாத்தான் தப்பு."

தமிழ்வேந்தனுக்குள் இருந்த பகுத்தறிவாளர் பெஞ்சைவிட்டு எழவில்லை. பொறியாளர் மட்டும் உடனே எழுந்தார். "அது முடியாது. திங்கக்கெழம போட்டது புதங்கெழமைக்குள்ள இறுகிடும். புதுக் கான்கிரீட்டு அதோட ஒட்டாது. மழ பேஞ்சா அந்த மூலையில ஒழுகும்."

"அடியில பிளாஸ்டிக் தாள் விரிச்சிப் போடுவோம். புதங்கெழம காலையில பேத்து எறிஞ்சிருவோம்."

"எறியறதுக்கு எதுக்குங்க போடணும்?"

"போட்டாச்சு இல்ல சார்?"

"எறிஞ்சிருவோம்ல?"

"எறிஞ்சா என்னா? போட்டது போட்டதுதான். சாமி பாத்துருச்சி."

இல்லாத சாமி பார்ப்பதற்காக, எறியப்போகும் கான்கிரீட்டை, ஆகாத நாளில் வேலை செய்ய வசதியாக, ஆகும் நாளில் போட வேண்டும். தமிழ்வேந்தன் அதைத் திருப்பித் திருப்பி யோசித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் பிடித்தாலும் வழுக்கியது. கட்டட விதிகளில் இதற்குத் தடை இல்லை. மோனிகாவிடம் சொன்னபோது அவர் சிரிப்பை அடக்கிக்கொள்ளவில்லை.

"ஒரு சட்டிதான? போட்டுருங்க."

"கொள்கை?"

"கொள்கைய சென்ட்ரிங் மேல பரப்பி விட்டா மழ நிக்குமா?"

திங்கட்கிழமை காலை, மூன்று பேர் மட்டும் கையால் கொஞ்சம் கலவை போட்டார்கள். சட்டியை நிரப்பித் தங்கராசு நீட்டியபோதுதான் இன்னொரு விவரம் வெளியே வந்தது: அதை வீட்டுக்காரர்தான் போட வேண்டும். இதை ஏன் டீக்கடையிலேயே சொல்லவில்லை என்று தமிழ்வேந்தன் கேட்கவில்லை. ஏன் என்று கேட்பதை அவர் அந்த வாரம் நிறுத்தியிருந்தார். ஏணியில் ஏறினார். எதிர்ப்பைத் தெரிவிக்க ஏதாவது செய்தாக வேண்டுமே என்று செருப்பைக் கழற்றாமல் ஏறினார். சட்டியை ஈசானி மூலையில், பிளாஸ்டிக் தாளின் மேல் கவிழ்த்தார். தங்கராசு அந்த நேரத்தில் பக்கத்து மனைத் தென்னை மரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான். அவ்வளவு மரியாதைக்காரர்.

புதன்கிழமை விடிவதற்குள் தெரு நிறைந்துவிட்டது. தங்கராசுவின் ஆட்கள் ஒருவர் பாக்கியில்லை. வேளாங்கண்ணி போய்த் திரும்பிய சவரியம்மாள், மொட்டைத் தலைகள் சிலவற்றோடு தன் கோஷ்டியையும் கூட்டி வந்திருந்தார்.

"அஷ்டமியாச்சே, நீங்க எப்பிடி வந்தீங்க?" என்றார் தமிழ்வேந்தன். குத்தலாகத்தான் கேட்டார்.

"முந்தாநாளே ஆரம்பிச்சிட்டீங்களாமே மாப்ள. அப்பறம் என்ன?" என்று அவர் முந்தானையைச் செருகிக்கொண்டு சட்டியை எடுத்தார்.

மிக்சர் சுற்றியது. வைப்ரேட்டர் சிணுங்கியது. ஒரு டயரும் வெடிக்கவில்லை, ஒரு பெரியப்பாவும் இறக்கவில்லை. மூலையிலிருந்த கட்டியைத் தங்கராசு உளியால் ஒரே தட்டில் பெயர்த்துத் தெருவோரம் வீசினார். அந்த இடத்தில் பிசிறு ஒட்டியிருக்கிறதா என்று தமிழ்வேந்தன் குனிந்து விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் கான்கிரீட்டை விட்டார். மதியச் சாப்பாடு தாமதமாயிற்று. ஆனால் தளம் முடிந்த பிறகுதான் கை கழுவினார்கள். புரட்டாசிக்கு முந்தின கடைசி பிரியாணி என்பதால் இரண்டாம் தடவை கேட்காதவர் இல்லை.

எட்டாம் நாளில், எல்லா ஆளும் வந்து, தாமதமில்லாமல் தளம் முடிந்தது என்ற விவரத்தைத் தமிழ்வேந்தன் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அது சட்டை செய்யவில்லை. முந்நூறு வீடு ஒரு பக்கம், இவர் வீடு ஒரு பக்கம். விதிவிலக்கு, எடுத்துவிடுங்கள் என்றார் பேராசிரியர். எடுக்க முடியாது, நடந்தது நடந்ததுதான் என்றார் இவர். அப்படியானால் ஒரு சட்டி போட்டதையும் சேர்த்து எழுதுங்கள், அதுவும் நடந்ததுதானே என்றார் அவர். அதற்கு எந்தக் கட்டத்தில் இடம் என்று யாருக்கும் தெரியவில்லை. வரியை எடுத்துவிட்டார்கள்.

ஐப்பசியில் மழை முறையாக வந்தது. ஜங்ஷன் பக்கத்து வீட்டில் தண்ணீர் ஏறிய அன்று மோனிகா வண்டிப்பாளையத்தில், பூச்சில்லாத செங்கல் சுவருக்கு நடுவே உட்கார்ந்து மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். தமிழ்வேந்தன் ஈசானி மூலையின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

குடையை மடக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். வைத்திலிங்கம் என்றும், ஓய்வுபெற்ற தபால்காரர் என்றும், பின் தெருவில் தை மாதம் வீடு தொடங்கப்போவதாகவும் சொன்னார். சவரியம்மாள்தான் அனுப்பினாராம்.

"உங்க கம்ப்யூட்டர்ல ஒரு நல்ல நாள் பாத்துச் சொன்னீங்கன்னா…"

தமிழ்வேந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். விளக்கினார். நட்சத்திரம் இல்லை, கிரகம் இல்லை. வேலையாட்களின் பழக்கத்தைத்தான் அது எண்ணிச் சொல்கிறது. எல்லோரும் பழக்கத்தை மாற்றினால் அதுவும் மாறிவிடும். நாளில் எதுவும் இல்லை, ஆளில்தான் எல்லாம் இருக்கிறது என்று, ஒரு மேடைப் பேச்சுக்குத் தேவையான அளவு பேசினார். வைத்திலிங்கம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். முழுவதும் கேட்டார். எதையும் மறுக்கவில்லை.

"ரொம்பச் சரிங்க சார்" என்றார் முடிவில். "எந்த நாளுன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா நான் கெளம்பிருவேன். மழ விட்டிருக்கு."

மோனிகா விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

தமிழ்வேந்தன் எழுந்து மேசைக்குப் போனார். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு நாளைச் சொன்னார். அன்றைக்கு மிக்சர் மிஷின் கிடைக்காது, இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். வைத்திலிங்கம் இரண்டு கைகளையும் கூப்பி, பையிலிருந்து வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்தார். அவரிடம் கொடுக்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.